சவுக்கும் ஆட்கொணர்வு மனுவும்

2020-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் தொடக்கத்தில் நெய்வேலி நகரியம் சில நாள்கள் தன் இயல்பை மறந்திருந்தது. சுரங்கப் பகுதியில் ‘மாஸ்டர்’ திரைப்படத்தின் படப்பிடிப்பு நடந்து கொண்டிருந்தது. 5-ஆம் நாள் வருமான வரித்துறையினர் அங்கேயே வந்து நடிகர் விஜயை விசாரணைக்கென்று சென்னைக்கு அழைத்துச் சென்றனர். அவர் மீண்டு வந்தபோது சுரங்க வாயிலில் திரண்ட கூட்டத்தை நெய்வேலி மறக்காது. வாகனத்தின்மேல் ஏறி நின்று, அக்கூட்டத்தைத் தம் பின்னே வைத்து, அவர் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டதை நாடே கண்டது.

அக்கூட்டத்தில் நம் பங்கைச் சேர்ந்த பிள்ளைகளும் நின்றிருந்தனர். ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது அவர்களுள் ஒருவனிடம், “அப்படி என்னப்பா அவரிடம் கண்டீர்கள்?” என்று கேட்டோம். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் மகன் அவன். “அவர் கேட்பார் ஐயா” என்றான். யாரிடம் கேட்பார், யாருக்காகக் கேட்பார் என்று நாம் கேட்கவில்லை. அவன் விடை நமக்குப் புதியதன்று. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தியேட்டரில் பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தபோது, வேறொரு நடிகரைப் பற்றி நாமும் அப்படியே எண்ணியிருந்தோம்.

தமிழன் நீதி கேட்கும் கதையை வெள்ளித்திரைக்காகப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கண்ணகி கேட்டாள். அவள் கதையில் நாம் எளிதில் மறந்துவிடும் ஒன்று உண்டு. மதுரை எரிந்தது பிற்பாடுதான். முதலில் அவள் சென்ற இடம் அரசவை. சான்றாக ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்திச் சென்றாள். அரசன் கேட்டான், அவள் சிலம்பை உடைத்துக் காட்டினாள், அவன் தன் தவற்றை உணர்ந்து உயிர் விட்டான். வழக்கு அங்கே முடிந்தது. எஞ்சியது துயரத்தின் தீ. அத்தீயிலும் குழந்தைகளையும் முதியோரையும் விட்டுவிடச் சொன்னாள் அவள்.

நம் திரைப்படங்களின் முதற்காலத்திலும் அந்த அரசவை இருந்தது. ‘பராசக்தி’யின் (1952) உச்சம் ஒரு நீதிமன்றம். நாயகன் அங்கே கத்தியை எடுக்கவில்லை, பேசினான். ‘மலைக்கள்ளன்’ (1954) நாமக்கல் கவிஞரின் நாவலிலிருந்து வந்தது. இருப்பவரிடம் பறித்து இல்லாதவர்க்குக் கொடுக்கும் கள்வன் அதில் நாயகன். அது முதல் ‘நாடோடி மன்னன்’ (1958), ‘எங்க வீட்டுப் பிள்ளை’ (1965) வரை எம்.ஜி.ஆரின் நாயகர்கள் அடித்தார்கள். ஆனால் பெரும்பாலும் கொல்லவில்லை. பகைவனின் கையிலிருந்து வாள் தெறித்து விழுந்தால் அதை எடுத்து அவனிடமே கொடுப்பதுதான் அந்தப் படங்களின் அழகு. ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் சவுக்கைச் சுழற்றும் காட்சிக்குத் தியேட்டர்கள் அதிர்ந்தன. எனினும் அப்படத்தின் கொடியவன் சாகவில்லை, திருந்தினான். இன்றைய பிள்ளைகளுக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். நமக்கு அப்படித் தோன்றவில்லை.

எழுபதுகளில் காற்று மாறிற்று. வடக்கே 1973-இல் ‘சஞ்சீர்’ வந்தது. பெற்றோரைக் கொன்றவனைத் தேடும் கோபக்காரக் காவல் அதிகாரியாக அமிதாப் பச்சன் நடித்தார். மறு ஆண்டே எம்.ஜி.ஆர். அதைத் தமிழில் ‘சிரித்து வாழ வேண்டும்’ என்று நடித்தார். சினம் கொண்ட இளைஞனுக்கு அந்தத் தலைப்பு பொருந்தவில்லை. எனினும் கதை வேர் பிடித்துவிட்டது. நெருக்கடி நிலை வந்து போயிற்று. வேலையின்மை வளர்ந்தது. 1981-இல் ‘சட்டம் ஒரு இருட்டறை’ வெளிவந்தது, இயக்கியவர் எஸ்.ஏ. சந்திரசேகரன், நாயகன் விஜயகாந்த். தன் குடும்பத்தை அழித்தவர்களைச் சட்டம் தண்டிக்கவில்லை. எனவே சட்டத்தின் ஓட்டைகளையே பயன்படுத்தி நாயகன் அவர்களை ஒவ்வொருவராகக் கொல்கிறான். அவன் தமக்கையோ காவல் அதிகாரி. சட்டத்தின் வழியில்தான் அவர்களைப் பிடிக்க வேண்டும் என்கிறாள். ஒரே வீட்டுக்குள் நீதியும் பழியும் எதிரெதிரே நின்றன. மக்கள் தம்பியின் பக்கம் நின்று கைதட்டினர். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் தெலுங்கிலும் இந்தியிலும் அப்படம் மீண்டும் எடுக்கப்பட்டது. இந்தியில் அதன் பெயரே ‘குருட்டுச் சட்டம்’ என்று பொருள்படும்.

அதே இயக்குநர் 1985-இல் ரஜினிகாந்தை வைத்து ‘நான் சிகப்பு மனிதன்’ எடுத்தார். தாயையும் தங்கையையும் குற்றவாளிகளிடம் இழந்த கல்லூரி ஆசிரியர் ஒருவர் இரவில் துப்பாக்கியோடு புறப்படுகிறார். 1974-இல் அமெரிக்காவில் வந்த ‘டெத் விஷ்’ என்ற படத்தின் நிழல் அதில் உண்டு. சிகாகோவின் தெருவுக்கோ நியூயார்க்கின் தெருவுக்கோ எழுதிய கோபம் நம் ஊருக்கு எப்படிப் பொருந்தியது என்று பின்னாளில் வியந்ததுண்டு. ஆனால் அன்று பொருந்தியது. நிலக்கரிக்காகத் தம் நிலத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவர்களும், நிரந்தரமாகாமலே நரைத்துக்கொண்டிருந்தவர்களும் அன்று தியேட்டரில் நம்மருகே உட்கார்ந்திருந்தனர். ஒவ்வொரு துப்பாக்கி வெடிக்கும் விசில் பறந்தது. அவர்கள் யாரும் யாரையும் கொல்ல விரும்பியவர்கள் அல்லர். ஷிப்டு முடிந்து, சோறுண்டு உறங்கி, மறுநாள் மீண்டும் சுரங்கத்திற்குள் இறங்கியவர்கள். தம் மனுக்கள் எந்த மேசையில் கிடக்கின்றன என்று அறியாதவர்களுக்கு, மனு எழுதாத ஒருவனைக் காண்பது பெரும் ஆறுதலாய் இருந்தது. அந்த ஆறுதலை இழிவாகப் பேச நமக்கு மனம் வரவில்லை.

இங்கே நம் வீட்டுச் செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அக்காலப் படங்களில் கிறிஸ்தவப் பெயர் தாங்கி வருபவர் யார்? வில்லனின் அடியாள் ராபர்ட்டாக இருப்பான். இல்லையேல் வெள்ளை அங்கியில் ஒரு பங்குத்தந்தை வந்து இரண்டு வாக்கியம் பேசிவிட்டுப் போவார். ஆகவே 1982-இல் ‘மூன்று முகம்’ படத்தில் ரஜினி காவல் அதிகாரி அலெக்ஸ் பாண்டியனாக நிமிர்ந்து நடந்து வந்தபோது நம் வீட்டுப் பையன்கள் இருமடங்கு விசில் அடித்தனர். கொல்லப்பட்ட அலெக்ஸ் பாண்டியனுக்காக மகன் பழிவாங்கும் கதை அது. பெயர் நம்முடையதாக இருந்ததால் பழியைப் பற்றி நாம் ஒன்றும் யோசிக்கவில்லை. இதை நினைவில் கொள்க; பின்னர் வேறொரு பெயரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

நாயகனின் கையில் சட்டத்திற்குப் புறம்பான துப்பாக்கி இருந்தவரை ஒரு நெருடல் மிஞ்சியிருந்தது. கடைசிக் காட்சியில் அவன் கைவிலங்கோடு நிற்பான். காக்கிச் சட்டை அணிந்த நாயகன் அந்த நெருடலையும் நீக்கிவிட்டான். அவனே சட்டம், அவனே கோபம், அவனே தண்டனை. 1993-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு சத்யராஜ் நடித்த ‘வால்டர் வெற்றிவேல்’ வந்து ஓடு ஓடென்று ஓடியது. அதே ஆண்டின் நடுவில் சங்கரின் முதற்படம் ‘ஜென்டில்மேன்’ வந்தது. ஊழலால் கல்வி இழந்தவன் கொள்ளையனாகிறான். ‘இந்தியன்’ (1996), ‘அந்நியன்’ (2005) ஆகியவற்றில் தண்டனை மேலும் மேலும் நுட்பமாயிற்று. கருட புராணத்தில் கூறப்படும் நரகங்கள்கூட தண்டனை முறைகளாயின. 2003-இல் ‘சாமி’யும் ‘காக்க காக்க’வும் வந்தபின் ‘என்கவுன்டர்’ என்ற சொல் நம் வீட்டுக் குழந்தைகள் வாயிலும் புகுந்தது.

அந்த 1993-க்கு நாம் திரும்ப வேண்டும். அவ்வாண்டு மார்ச் மாதம் தவக்காலம். நம் வீடுகளில் சினிமாவுக்குப் போவதில்லை. வெள்ளிதோறும் சிலுவைப் பாதை. பிலாத்துவின் மாளிகையில் ஒரு மனிதர் கட்டி வைத்து அடிக்கப்படுவதை நாம் முழந்தாளிட்டுத் தியானித்துக்கொண்டிருந்தோம். அப்போது கடலூர் மாவட்டம் இன்னும் பிறக்கவில்லை, எல்லாம் தென்னார்க்காடு. நெய்வேலியிலிருந்து பேருந்தில் சென்றால் விரைவிலேயே வந்துவிடும் கம்மாபுரம். அதன் பக்கத்தில் முந்திரிக் காடுகள் சூழ்ந்த முதனை. அவ்வூரில் இராசாக்கண்ணு என்ற குறவர் வகுப்பைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளி வாழ்ந்தார். நகைத் திருட்டு ஒன்றை விசாரிப்பதாகச் சொல்லிக் கம்மாபுரம் காவல் நிலையத்தார் அவரைத் தேடி வந்தனர். அவர் இல்லாததால் மனைவி பார்வதியையும் உறவினரையும் பிடித்துச் சென்று அடித்தனர். பிறகு அவரும் பிடிபட்டார். கணவர் அடிபட்டதைப் பார்வதி தம் கண்ணால் கண்டார். வீட்டுக்குப் போ என்று அனுப்பப்பட்ட அவருக்கு, பின்னர் காவலர் சொன்ன செய்தி: உன் கணவன் தப்பி ஓடிவிட்டான்.

அவர் ஓடவில்லை. அடையாளம் தெரியாத பிணமாக அண்டை மாவட்டத்தில் அவர் உடல் கிடந்தது, புதைக்கவும்பட்டது. இது வெளிவருவதற்கு ஒரு பெண் வாயில் வாயிலாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் உள்ளூர்த் தோழர்கள் உடன் நின்றனர். சென்னையில் வழக்கறிஞர் கே. சந்துரு ஊதியம் பெறாமல் வழக்கை ஏற்று, உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று மட்டும் கேட்கும் மனு அது. இத்தகைய மனுவால் என்ன ஆகும் என்று ஐயுறுவோருக்குக் கேரளத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச்சில், கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைக் காவலர் கொண்டுபோயினர். 1977-இல் தந்தை ஈச்சர வாரியர் தொடுத்த ஆட்கொணர்வு மனுவின் விளைவாக முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. அந்தத் தந்தையின் காத்திருப்பின் சாயலில் ஷாஜி கருண் ‘பிறவி’ (1988) என்ற மலையாளப் படத்தை எடுத்தார். அதில் சண்டை இல்லை. ஒரு முதியவர் பேருந்துத் துறையில் மகனுக்காகக் காத்திருப்பதே படம். நம் ஊர்த் தியேட்டர்களில் அதற்கு இடமில்லை என்று சொல்லத் தேவையில்லை.

இராசாக்கண்ணு வழக்கு 13 ஆண்டுகள் நடந்தது. 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் இதைக் காவல் நிலையக் கொலை என்று கண்டு காவலர்களுக்குச் சிறைத் தண்டனை விதித்தது. அதே காலத்தில் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி மலைக்கிராமப் பெண்கள் இதனினும் நீண்ட பாதையில் நடந்துகொண்டிருந்தனர். 1992 ஜூனில் நேர்ந்த கொடுமைக்கு 2011 செப்டம்பர் 29 அன்றுதான் தருமபுரி நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. 269 அரசு ஊழியர்கள் மீது வழக்கு. உயிரோடிருந்த அனைவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. இறந்தவர் பலர், குற்றவாளிகளிலும், வழக்குத் தொடுத்தவர்களிலும்.

லூக்கா நற்செய்தியில் வரும் கைம்பெண்ணை நம் வாசகர்கள் அறிவர். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத நடுவரிடம் அவள் மீண்டும் மீண்டும் சென்றாள். இந்த உவமையைக் கேட்கும்போதெல்லாம் நாம் அதைச் செபத்துக்கான பாடமாக மட்டும் கேட்டிருக்கிறோம். ஆண்டவர் எடுத்துக்கொண்ட படிமம் ஒரு வழக்கு என்பதை நாம் அதிகம் கவனித்ததில்லை. அவள் கேட்டது பழியன்று, தீர்ப்பு. தொடக்கநூலில் இலாமேக்கு என்றொருவன் வருகிறான். தனக்கு ஒரு காயம் என்றால் எழுபத்தேழு மடங்கு பழி என்று தன் மனைவியரிடம் பெருமை பேசுகிறவன் அவன். திரைக்கதை எழுதத் தெரிந்தவன் என்று நகைச்சுவையாக நாம் சொல்வதுண்டு.

2021 நவம்பர் 2-ஆம் நாள் த.செ. ஞானவேல் இயக்கிய ‘ஜெய் பீம்’ இணையவழி வெளிவந்தது. கதை 1995-இல் நடப்பதாகவும், பாதிக்கப்பட்டவர்கள் இருளர் சமூகத்தினராகவும் மாற்றப்பட்டிருந்தன. இராசாக்கண்ணுவின் பெயர் மாறவில்லை. வழக்கறிஞராக நடித்தவர் சூர்யா. ‘காக்க காக்க’வில் சுட்டுத் தள்ளிய அதிகாரியும், ‘சிங்க’த்தில் (2010) பாய்ந்து அறைந்த துரைசிங்கமும் அவரே. அவர் இப்போது கறுப்பு அங்கி அணிந்து, காவல் நிலையத்தில் அடிபட்டவனுக்காகச் சட்டப்புத்தகம் புரட்டினார். ஒரு நடிகரின் வாழ்விலேயே தமிழ்த் திரையின் ஒரு திருப்பத்தைக் கண்டோம்.

படத்தை நாம் மெச்சுகிறோம். மெச்சிக்கொண்டே இரண்டு குறைகளைச் சொல்லவும் வேண்டும். முதலாவது, பதின்மூன்று ஆண்டுகள் நடந்த கால்கள் பார்வதியினுடையவை. ஆனால் நம் கண்கள் பெரும்பாலும் வழக்கறிஞரின் நடையிலேயே நிற்கின்றன. இரண்டாவது சற்று நெருடலானது. காவல் நிலைய அடியைக் கண்டிக்கும் அப்படத்திலேயே நல்ல காவல் அதிகாரி ஒருவர், இந்தியில் பேசும் அடகுக்கடைக்காரரைக் கன்னத்தில் அறைகிறார். நாம் அதை ஒரு வீட்டில் பலரோடு உட்கார்ந்து பார்த்தோம். அதுவரை கண்ணீர் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் அந்த அறைக்குச் சிரித்தனர். நாமும் சிரித்தோம்.

படம் வந்தபின் எழுந்த சர்ச்சை ஒன்று நம் காதுக்குச் சற்றுக் கூர்மையாகவே எட்டியது. கொடிய உதவி ஆய்வாளரின் பெயரையும் அவர் வீட்டு நாட்காட்டியையும் வைத்து ஒரு சமூகத்தாரை இழிவுபடுத்திவிட்டதாகக் குரல் எழுந்தது, காட்சி திருத்தப்பட்டது. அவ்வேளையில் பலரும் சுட்டிய உண்மை, அசல் வழக்கின் உதவி ஆய்வாளர் கிறிஸ்தவப் பெயர் கொண்டவர் என்பது. அலெக்ஸ் பாண்டியனின் பெயருக்கு விசில் அடித்த நாம் இந்தப் பெயருக்கு என்ன செய்வது? “அந்தப் பெயர் நம்மவர் என்று ஏன் பேச வேண்டும்?” என்று நண்பர் ஒருவர் குறைப்பட்டார். ஒரு பெயர் ஒரு சமூகத்தின் குற்றமாகாது என்பது சரியே. அந்த நீதியை மற்றச் சமூகத்தாருக்கும் நாம் அளிக்க வேண்டும். ஆனாலும் அந்தத் தவக்கால வெள்ளிகளில் நம்மில் எவரேனும் சிலுவைப் பாதை முடித்துக் கம்மாபுரம் வழியே வீடு திரும்பியிருக்கலாம் என்ற நினைவு நம்மை விடவில்லை.

கைத்தட்டல் தியேட்டரோடு நின்றுவிடுவதில்லை. 2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரைக் காவலர் சுட்டுக் கொன்றனர். மக்கள் காவலர்மேல் பூ தூவினர். உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல் தன் அறிக்கையில், அவர்கள் வேண்டுமென்றே சுடப்பட்டனர் என்றும், அவர்களுள் மூவர் வயது நிரம்பாதோர் என்றும் கூறியது. பூ தூவியவர்கள் அந்த அறிக்கையைப் படித்தார்களா, தெரியாது. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் கடையைப் பூட்டத் தாமதமாயிற்று என்ற பெயரில் பிடிபட்ட வணிகர் ஜெயராஜும் மகன் பென்னிக்சும் காவல் நிலையத்தில் அடிபட்டு, 22, 23 தேதிகளில் உயிரிழந்தனர். அப்போது ‘சாமி’, ‘சிங்கம்’ படங்களின் இயக்குநர் ஹரி, காவல்துறையைப் போற்றி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். திரையுலகில் அத்தகைய சொல்லை நாம் அடிக்கடி கேட்டதில்லை.

கைது செய்யும்போது காவலர் கைக்கொள்ள வேண்டிய 11 நெறிகளை டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்தது 1996 டிசம்பரில். கைதுக் குறிப்பு எழுத வேண்டும், உறவினருக்குச் சொல்ல வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பன போன்றவை. வீரமற்ற, சலிப்பூட்டும் விதிகள். இவற்றை ஒவ்வொன்றாகக் கடைப்பிடிக்கும் காவல் அதிகாரியை நாயகனாக வைத்து எவரும் படம் எடுக்கப் போவதில்லை.

ஆனால் ஞானவேல் 2024 அக்டோபரில் மீண்டும் முயன்றார். ‘வேட்டையன்’ படத்தில் ரஜினிகாந்த் என்கவுன்டர் அதிகாரி; கொலை செய்யாத ஓர் இளைஞனைச் சுட்டுவிட்டதைப் பின்னர் உணர்பவர். அவருக்கு எதிரே நீதிபதியாக அமர்ந்து கேள்வி கேட்பவர் அமிதாப் பச்சன். ‘சஞ்சீரின்’ கோபக்கார அதிகாரியும் ‘நான் சிகப்பு மனித’னும் முதுமையில் எதிரெதிரே உட்கார்ந்து, விரைந்து கொடுத்த நீதி நீதிதானா என்று பேசுகிறார்கள். நாம் அப்படத்தைத் தியேட்டரில் பார்த்தோம். அந்த உரையாடலின்போது கூட்டம் அமைதியாக இருந்தது. அதற்கு முன், முதல் துப்பாக்கி வெடித்தபோது, பழைய விசில் பழைய வேகத்தில் எழுந்தது.

‘ஜெய் பீம்’ வந்த ஆண்டின் இறுதியில் பங்கு மன்றத்தில் இளைஞர்களோடு இதையெல்லாம் பேசினோம். ‘அவர் கேட்பார்’ என்று முன்னர் சொன்ன அந்தப் பையனும் வந்திருந்தான். படத்தைப் பலமுறை பார்த்தவன். ஆனால் அது நடந்த ஊர் கம்மாபுரம் என்று சொன்னதும் நம்ப மறுத்தான். “நம்ம கம்மாபுரமா ஐயா? என் மாமா வீட்டுக்குப் போகிற வழியிலா?” என்று மூன்று முறை கேட்டான். கூட்டம் கலைந்தபின் நாற்காலிகளை அடுக்கி வைத்துக்கொண்டே மெல்ல அருகில் வந்து, முதனைக்கு எந்தப் பேருந்தில் போக வேண்டும் என்று விசாரித்தான்.